என் கவனத்தின் மீதான தீர்மானம்

என் கவனம் தினமும் காலை ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பிவிடும். என்னைப் போலவே உயரம், என்னைப் போலவே கறுப்பு. என் செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு போகும். நான் வேறு செருப்பில் வேலைக்குப் போவேன்.

என் பெயர் அகின்யி. கென்யாவில் கிசுமு என் ஊர். கோயம்புத்தூருக்குப் படிக்க வந்து, பதினான்கு வருடமாக இங்கேயே இருக்கிறேன். பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடும் வேலை. எங்கள் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள். மற்றவர்களின் கவனம் பெரும்பாலும் வீட்டோடு இருக்கும், மாலையில் கீழே இறங்கிக் காற்று வாங்கும். என்னுடையது உக்கடம் வரை போகும்.

"கண்ணு, உன்ற கவனம் மீன் மார்க்கெட்டுல ஐஸ் உடைக்கறதப் பாத்துட்டு நின்னுச்சு. கூப்பிட்டேன், திரும்பியே பாக்கல" என்பார் கீழ்வீட்டுச் சம்பூரணம் அக்கா. சில நாள் அவரே அதை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து விடுவார். அந்த நாட்களில் மட்டும் அடுப்பில் வைத்த பால் தப்பித்தது.

முப்பத்தாறு வயது வரை இதைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தேன். போன வருடம் ஒரு டாக்டரம்மா என்னோடு ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, ஏ.டி.எச்.டி. என்று எழுதினார். "சின்ன வயசுலயே கண்டுபிடிச்சிருக்கலாம். பொம்பளப் பிள்ளைன்னா யாரும் பார்க்கறதில்ல" என்றார். அவர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டால் கவனம் மதியம் வரை தெருமுனையைத் தாண்டாது.

வீடு திரும்பும் வழியில் பஸ் ஸ்டாப்பிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். "நம் வீட்டுப் பெண்களுக்கு அப்படியெல்லாம் வராது. நாம் பலசாலிகள். வெளியே சொல்லிவிடாதே. கறுப்பாகவும் இருக்கிறாள், மூளையும் சரியில்லை என்று பேசுவார்கள்" என்றாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆடி மாதம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாச்சிமுத்து ஒரு கடிதத்தோடு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அம்மிணி. உங்க கவனம் லிப்ட், மொட்டை மாடின்னு அலையுது. கறுப்பா, உசரமா வேற இருக்குதுங்களா, கொழந்தைக பயப்படுதுக. கட்டிப் போடுங்க. இல்லீன்னா வீட்டைக் காலி பண்ணுங்க. ஞாயித்துக்கெழம தீர்மானம் போடறோம்."

அவருடைய கவனம் அவருக்குப் பின்னால் நின்றது. யாருடைய கவனமும் அவரவர் நிறம்தான். செயலாளர் தன்னுடையதற்குப் பவுடர் பூசித்தான் வெளியே கூட்டிவருவார். கழுத்தில் பூச மறந்திருந்தார்.

"கட்ட மாட்டேனுங்க. ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றேன்.

அந்த வாரம் நான் பேச்சு எதுவும் எழுதி வைக்கவில்லை. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிட்டேன். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து, முடியைச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் பின்னிக்கொண்டேன். பின்பக்கம் வகிடு எடுத்துவிட்டது சம்பூரணம் அக்காதான். "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டுக் கேட்டு எடுத்தார். நான்கு மணி நேரம் ஆனது. என் கவனம் அவ்வளவு நேரமும் எதிரே சம்மணம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. பிடித்துப் போனால் அது அசையாது.

கூட்டத்தில் ஒரு நடைமுறை உண்டு. தீர்மானத்துக்கு முன் சங்க விதிகள் நாற்பத்தொன்றையும் வாசிக்க வேண்டும். அத்தனையையும் கவனத்தோடு கேட்டவர்களுக்கே ஓட்டு. நாச்சிமுத்து எழுந்து நின்று வாசித்தார்.

நான்காம் விதியில் மூன்றாம் மாடிக்காரர்களின் கவனம் எழுந்து போனது. ஒன்பதாம் விதிக்குள் இரண்டு வரிசை காலி. அக்காவுடையது சொல்லாமல் கொள்ளாமல் நழுவியது. இருபத்திரண்டாம் விதியில் செயலாளரின் சொந்தக் கவனமே துண்டால் பவுடரைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனது. அவர் தொடர்ந்து வாசித்தார்.

என்னுடையது முதல் விதிக்கே வந்துவிட்டது. குப்பை வாளிகளின் அளவு பற்றிய விதி அது. முன்வரிசையில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, நாற்பத்தொன்று வரை கேட்டது.

"முழுசாக் கேட்டவங்க கை தூக்குங்க" என்றார் நாச்சிமுத்து.

ஒரே ஒரு கை உயர்ந்தது, என்னுடையது.

அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுதினார்: ஆதரவு இல்லை. எதிர்ப்பு ஒன்று. தீர்மானம் தோற்றது.

"மன்னிச்சுக்க கண்ணு, என்னுது எப்பவோ கெளம்பிருச்சு" என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனா தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்த மாத்திரையின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல், எழுதிக்கொள்கிறேன்" என்றாள்.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் என் தூக்கம் டிரங்குப் பெட்டியோடு நின்றது. பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அப்போதுதான் பார்க்கிறேன், சற்றுப் பருத்திருந்தது. பயணம் எப்படி என்று கேட்டேன். ரயிலில் கூட்டம் என்றது. கட்டிலில் சுவர்ப் பக்கம் அதற்கு இடம் விட்டுப் படுத்தேன்.