அந்த வீட்டில் எல்லோருக்கும் மாரடைப்பு

காலையிலிருந்து நான்காவது முறையாகத் தங்கை கழிப்பறைக்குப் போய்த் திரும்பியபோது, தன் அச்சகம் முழுக்கக் கேட்கும்படி அண்ணன் சொன்னார்: "அங்கேயே ஒரு மேஜை போட்டுத் தரட்டுமா? நோட்டீஸை அங்கேயே உக்காந்து மடிச்சிடு."

இயந்திரம் ஓட்டுகிறவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். இரண்டு மாதமாக மலத்தோடு இரத்தம் போவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முப்பத்து நான்கு வயதுப் பெண் அதையெல்லாம் யாரிடம் சொல்வாள்?

காகிதக் கட்டின் மேல் மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவமனை. பெருங்குடலில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். மருந்து தொடங்கும் முன் டாக்டரம்மா அண்ணனைக் கேட்டார்: "உங்க குடும்பத்துல யாருக்காவது குடல்லயோ கர்ப்பப்பையிலயோ கேன்சர் வந்திருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வந்திருந்தா கட்டித் துண்டை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பணும். மருந்தே மாறலாம்."

"எங்க வீட்ல எல்லாருக்கும் ஹார்ட் அட்டாக்தான் மேடம்."

தங்கையும் தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்பா இறந்தபோது அவளுக்கு ஐந்து வயது. அக்காள் இறந்தது தூரத்தில், புகுந்த வீட்டில், சின்னக் குழந்தையாக இருந்த ஒரே மகளை விட்டுவிட்டு. உண்மையில் அப்பாவுக்குக் குடலில், அக்காளுக்குக் கர்ப்பப்பையில் புற்று. இரண்டு இரங்கல் அறிவிப்பிலும் 'மாரடைப்பால்' என்று அச்சுக் கோத்தவர் அண்ணன்தான். இப்போது அவர் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். 'கேன்சர் குடும்பம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் பெண் எடுக்க யார் வருவார்கள்?

எல்லோருக்கும் கொடுக்கும் மருந்தையே அவளுக்கும் கொடுத்தார்கள். எட்டு மாதம். வாயெல்லாம் புண். விரல்கள் மரத்துப்போய், தாளின் ஓரம் அறுத்து இரத்தம் கசிந்தாலும் அவளுக்குத் தெரிவதில்லை. "பாத்து மடி. தாளெல்லாம் கறையாகுது பாரு," என்றார் அண்ணன். அதற்குள் நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது.

டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்து, பத்திரப்படுத்தியிருந்த கட்டித் துண்டையும் அவள் இரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"உங்க அச்சகத்துல பிழை திருத்தறவர் இருப்பாரில்ல? உடம்புலயும் அப்படி ஒண்ணு இருக்கு. ஒரு செல் ரெண்டாகும்போது விழற பிழையைத் திருத்தற மரபணு. இவங்களுக்கு அது பிறவியிலேயே பழுது. இந்த வகைக்கு நாம குடுத்த மருந்து சரியாப் பிடிக்காது. உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பற வேற மருந்துக்குத்தான் நல்லா அடங்கும். ஆனா இது பெரும்பாலும் பெத்தவங்க வழியா வர்றதாச்சே?"

தங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள். "அப்பாவுக்கு என்ன?"

"குடல்ல..."

"அக்காவுக்கு?"

"கர்ப்பப்பையில..." என்றார் அண்ணன். டாக்டரம்மா பேனாவை மூடினார். "எட்டு மாசம் முன்னாடி இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வலிச்சுதா?"

புது மருந்தை இரண்டு முறை ஏற்றினார்கள். கெட்டுப்போன கல்லீரல் அதற்குக் காத்திருக்கவில்லை. நிறுத்திவிட்டார்கள்.

பெற்றவரிடம் அந்தப் பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வரச் சரிபாதி வாய்ப்பு உண்டு. அதனால் அண்ணனுக்கும் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தது. அவரிடம் இல்லை. அவரிடம் இல்லாதது அவர் வழியாக மகளுக்கு வரவும் வராது. எந்த மகளுக்காகப் பொய் சொன்னாரோ, அவளுக்கு அந்த ஆபத்தே இருந்ததில்லை.

கட்டிலருகே நின்று அதைச் சொன்னார். மஞ்சள் பூத்த கண்களோடு தங்கை சிரித்தாள்.

"நல்லதாப் போச்சு. ஒண்ணுமில்லாததுக்குத்தான் என்னைக் குடுத்திருக்கே."

"மன்னிச்சிடும்மா..."

"அதுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல. அக்கா மகளுக்குச் சொல்லிட்டியா?"

"அவளுக்கு எப்படிச் சொல்றது? கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகுது. மாமியார் வீட்ல தெரிஞ்சா..."

"இன்னுமா?" அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. "நோயை மறைச்சா மானம் பிழைக்கும்னு நெனச்சே. நோயை மறைச்சா மருந்தும் சேந்து மறைஞ்சு போகுது அண்ணா. பிழைக்க வேண்டியது ஆளு, மானம் இல்ல. அவளுக்கும் இருந்தா, வருஷா வருஷம் குடலுக்குள்ள குழாய் விட்டுப் பாத்து, கட்டியாகறதுக்கு முன்னாடியே கிள்ளி எடுத்துடலாமாம். போனை எடு. என் எதிர்லயே பேசு."

அவர் எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்க மாமா," என்றாள் அக்காள் மகள்.

"உங்கம்மா மாரடைப்புல சாகலம்மா," என்றார் அவர்.