சின்னவளின் தொண்டை

சின்னவளுக்குப் பாட்டு, பெரியவளுக்கு வேலை. நகரத்துக்கு வந்த அன்றைக்கே அக்காவும் தங்கையும் இப்படிப் பிரித்துக்கொண்டார்கள். ஊர் என்றால் ஒரே ஒரு கடைத்தெரு. அங்கே சின்னவள் முணுமுணுத்தால்கூடப் பேரம் பேசுகிறவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். "இவ இங்கயே கெடந்தா வீணாப் போயிருவா" என்று அம்மாவோடு மல்லுக்கு நின்று, அவளைக் கிளப்பிக்கொண்டு வந்தவள் பெரியவள்தான்.

விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் சலவைக்கூடத்தில் பெரியவளுக்கு வேலை கிடைத்தது. நாள் முழுக்க ஆவியில் நின்று முகமெல்லாம் கன்றிப்போகும். சின்னவள் ஒலிப்பதிவுக்கூடங்களுக்கு நடையாய் நடந்தாள். மூன்று வருடத்தில் கிடைத்ததெல்லாம் பத்துப் பேரோடு நின்று பாடும் கோரஸ்தான். "அந்தக் கும்பல்ல என் குரல் எதுன்னு எனக்கே தெரியலக்கா" என்று சிரிப்பாள்.

ஒருநாள் காலையில் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பாட வேண்டியவர் வரவில்லையாம், தனிப்பாட்டு, பத்து மணிக்குள் வர வேண்டும். சின்னவளுக்கு அன்று மூன்றாவது நாள் காய்ச்சல்.

"முடியாதுக்கா. எச்சில் முழுங்கவே உயிர் போகுது."

"அவங்க என்ன உனக்காகக் காத்துக்கிட்டா இருப்பாங்க? மூணு வருஷமா நான் ஆவியில வெந்தது எதுக்கு? சுடுதண்ணியக் குடிச்சிட்டுக் கிளம்பு."

சின்னவள் புடவை மாற்றிக்கொண்டாள். பெரியவளும் கூடவே போனாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் நின்று பாடினாள். "நல்லாருக்கும்மா, இன்னொரு தடவை" என்று இசையமைப்பாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்பதாவது தடவை, மேலே ஏற வேண்டிய இடத்தில் சட்டென்று நின்றாள். தொண்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியே அக்காவைப் பார்த்தாள். பெரியவள் கையை ஆட்டினாள்: பாடு, பாடு.

பத்தாவது தடவை வெறும் காற்றுதான் வந்தது.

"குரல் நாண்ல ரத்தம் கசிஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "இந்தக் காய்ச்சல்ல யார் பாடச் சொன்னது?"

பெரியவள் தலை குனிந்தாள். சின்னவள் மருந்துச்சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள்: 'நானாத்தான் பாடினேன்.'

ஆறு மாதத்தில் பேச்சு வந்தது, தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல. பாட்டு வரவே இல்லை. அந்தப் பாட்டை வேறொருத்தி பாடி, அது வெளியாகி, பேருந்திலெல்லாம் ஒலித்தது. சின்னவளும் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள், விரிப்பு மடிக்க. அம்மா போனில் கேட்கும்போதெல்லாம், "ரெக்கார்டிங்ல இருக்காம்மா" என்று பெரியவள் சமாளித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவள் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சின்னவளுக்கு மனசு கேட்கவில்லை. எடுத்துவிட்டாள்.

"அம்மா..."

"யாருங்க பேசறது? இது என் பெரிய பொண்ணு போனுங்களே?"

ஈரத்தலையோடு வந்த பெரியவள் போனை வாங்கிக்கொண்டாள். "அது சின்னவதாம்மா" என்றவள் படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். "நான்தாம்மா பாடச் சொன்னேன். அவ நிறுத்தினப்பவும் நான்தான் பாடுன்னு கையக் காட்டினேன்."

அம்மா, "ரெண்டு பேரும் ஊருக்கு வந்துருங்கடி" என்றாள்.

பெரியவள் உள்ளே போய்ச் சொன்னாள். சின்னவள் தலையை ஆட்டினாள்.

"வேணாம்க்கா. அங்க போனா ஆளாளுக்குப் பாடச் சொல்லுவாங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு இருவரும் சலவைக்கூடத்தில் இருந்தார்கள். ஒரு விரிப்பின் நுனிகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறினார்கள். பெரியவளால் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.