பழுப்புத் தாளுக்குக் கீழே

அன்று பெண்கள் விடுதி ஆபீசில் இருந்தவர்கள்: கோயில் கமிட்டித் தலைவர் சிங்கராயர், உபதேசியார் அருள்சாமி, எஸ்டேட் ரைட்டர் தேவசிகாமணி, சமையல்காரி குப்பாயி, வார்டன் வில்மா அம்மா, இரவுக் காவலாளியான நான். சாமியார் சேலத்துக்குப் போயிருந்தார். இப்படிப்பட்ட நாட்களில் அவர் சேலத்துக்குத்தான் போவார்.

பிரச்சினை ஒரு போட்டோ. ஈஸ்டருக்கு வெள்ளையடிக்க வார்டனின் டிரங்குப் பெட்டியை நான் தூக்கியபோது கீழே விழுந்து உபதேசியார் கண்ணில் பட்டது. இளம்வயது வில்மா அம்மா, தொப்பி, கையில் தடித்த தோலுறை, முட்டிக்கு மேலேயே நின்றுவிட்ட பாவாடை. தொடையில் ஏதோ கறை. படம் ஈரத்தில் கெட்டிருக்கிறது என்று நினைத்தேன். முப்பது வருடமாக நாகலூரில் பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவரை வைத்திருப்பதா அனுப்புவதா என்பது இப்போது அந்தப் பாவாடையின் கையில். அமெரிக்காவில் அவருக்கு யாரும் மிச்சமில்லை.

கமிட்டியின் கண் கூசக் கூடாதென்று அருள்சாமி படத்தின் கீழ்ப்பாதியில் மைதாப் பசை தடவிப் பழுப்புத் தாள் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் தாளையே பார்த்தார்கள். அதற்கடியில் பாவாடையே இல்லை என்று நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

"சர்க்கஸுங்களா?" என்றார் சிங்கராயர்.

"பேஸ்பால்ங்க," என்றார் வில்மா அம்மா. "மட்டையில பந்தை அடிச்சுப்போட்டு ஓடற ஆட்டம். சம்பளத்துக்கு ஆடுனேன். பாவாடை ஆட்டம் நடத்துனவிய குடுத்தது."

"ஜனங்களுக்கு முன்னாலயுங்களா?"

"ஜனங்க வரலீன்னா சம்பளம் ஏதுங்க?"

குப்பாயி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வருத்தப்படறேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்கம்மா," என்றார் தேவசிகாமணி. "டீ ஆறுது."

"மொதல்ல தாளை எடுங்க. ஓடிவந்து மண்ணுல சறுக்கோணும், வெறுந்தொடையோட. தொடையில தோலு உரிஞ்சு கெடக்கும். அதையும் பாத்துப்போட்டு, எதுக்கு வருத்தப்படோணும்னு சொல்லுங்க."

அருள்சாமி துண்டை நனைத்துத் தாளின் மேல் வைத்தார். பிறகு இழுத்தார். நல்ல பசை. தாளோடு படமும் வந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே வெறும் வெள்ளை. காயமும் இல்லை, காலும் இல்லை.

சிங்கராயரின் முகம்தான் முதலில் தெளிந்தது.

"கெடக்குது உடுங்க. இப்ப பாக்கறதுக்கு மரியாதையா இருக்குது. கண்ணாடி போட்டு இங்கயே மாட்டிக்கலாம். நீங்களும் இருந்துக்குங்க."

நிஜமாகவே நல்ல மனதோடுதான் சொன்னார்.

வில்மா அம்மா மிச்சப் படத்தை வாங்கிப் பார்த்தார். "காலில்லாம எப்படிங்க ஓடியிருப்பேன்?" என்று கேட்டார். பெட்டி கட்டப் போனார்.

நானாக இருந்தால் தங்கியிருப்பேன். கட்டிலும் மூன்று வேளைச் சோறும் ஒரு படத்தின் கீழ்ப்பாதியைவிடப் பெரியவை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கட்டிலில் எனக்குத் தூக்கம் வந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

"எங்கீங்க போவீங்க?" என்று குப்பாயி அழுதாள்.

"இப்ப ஒண்டிக்கடை முக்கு வரைக்கும் ஜீப்பு. அப்பறம் சேலம் பஸ். அங்க எறங்கி அடுத்ததைப் பாத்துக்கறேன் கண்ணு."

வாசலில் சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்தார். "ஆட்டத்துக்குப் போற ஊர்ல எங்களையும் காவலுக்கு வந்த ஒருத்தி உள்ளார வெச்சுப் பூட்டுவா சாமி. நாங்க சன்னல் வழியாப் போயிருவோம்."

"இங்க எல்லாச் சன்னலுக்கும் கம்பி இருக்குதுங்க."

"தெரியும். போடச் சொன்னதே நாந்தான்."

ஜீப் ஹாரன் அடித்தது. பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

"கதவு," என்றார் அருள்சாமி.

சாத்திப் பூட்டினேன்.