பழுப்புக் கட்டி, சிவப்புக் கட்டி

வலது கையின் நான்கு விரல்களைத் துடைத்தாகிவிட்டது. கட்டைவிரல் நகத்துக்கு அடியில் மட்டும் சிவப்பு போவேனா என்று அடம்பிடித்தது. அவள் எண்ணெயில் நனைத்த துணியைத் திரித்து மறுபடி தேய்த்தாள். விறைத்துப்போன விரல் அவள் இழுத்த இழுப்புக்கு வரவில்லை.

"விடும்மா. உழைச்ச கை, அப்படியே போகட்டும்," என்றாள் நாத்தனார். இறந்துபோன தம்பியைப் பார்க்க விடிந்ததும் விடியாததுமாக ஓடி வந்தவள். அழுகையும் ஏற்பாடுகளும் அவளிடம் மாறி மாறி நடந்துகொண்டிருந்தன. மூக்கைச் சிந்திய கையோடு, நாற்காலிகளை எங்கே போடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இது மெழுகு அண்ணி. எண்ணெய்க்குப் போகாது. டர்பன்டைன் கொண்டு வர்றேன்."

வேறு எந்த நிறமாக இருந்தாலும் அவள் விட்டிருப்பாள். இந்தச் சிவப்பைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. நேற்று கணவரோடு சண்டை போட்டது இந்தச் சிவப்புக்காகத்தான்.

சண்டை என்றால் இருவர் பேச வேண்டும். நேற்று அவள் மட்டும்தான் பேசினாள். கடிகாரக்காரர் கொடுத்திருந்த பழைய சுவர்க்கடிகாரத்தின் கதவு அது. வெளிர் மரச் சட்டம், நடுவில் பித்தளை வளையம். மரத்தை உப்புத்தாள் போட்டு இழைத்துக் கொடுப்பது அவள் வேலை. ஓடுகிற மோட்டாரில் துணிச்சக்கரத்தை மாட்டி, அதில் பாலிஷ் கட்டியை ஏற்றிப் பளபளப்பாக்குவது அவர் வேலை. மரத்துக்குப் பழுப்புக் கட்டி. பித்தளைக்குக் கடைசியாகச் சிவப்புக் கட்டி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர், மரத்துக்கான சக்கரத்தில் சிவப்பை ஏற்றிவிட்டார். வெளிர் மரத்தின் ரேகை ரேகையாகச் சிவப்பு உள்ளே இறங்கிவிட்டது. இனி தலைகீழாக நின்றாலும் அது முழுசாக வெளியே வராது.

"முப்பது வருஷமா பாக்குற வேலை! கண்ணை எங்க வச்சிக்கிட்டு பண்றீங்க? நேத்து வேலைக்கு வந்தவன்கூட இப்படிப் பண்ணமாட்டான்."

அவர் மோட்டாரை நிறுத்தினார். கதவைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அலமாரியைத் துடைச்சியா?"

"துடைச்சேன். தூசி அடைஞ்சு கிடந்துச்சு. அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு."

அதன் பிறகு அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரவுச் சாப்பாட்டை எதிரே வைத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்ப் படுத்தாள். காலையில் எழுப்பினால் அவர் எழவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு, வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. அவரோடு கடைசியாகப் பேசிய பேச்சு அதுவா இருக்க வேண்டும்?

வீட்டின் முன்பக்கம்தான் பட்டறை. நாற்காலிகளைப் போட இடம் ஒதுக்கியிருந்தார்கள். அலமாரியின் அடித்தட்டில் இருந்த டர்பன்டைன் பாட்டிலை எடுக்க அவள் குனிந்தாள். விழாமல் இருக்க மேல்தட்டின் விளிம்பைப் பிடித்தபோது, விரலில் ஏதோ நெருடியது.

கட்டிகள் வைக்கும் முதல் அறையின் விளிம்புக்கு அடியில் ரம்பத்தால் கீறிய ஒரு வெட்டு. பக்கத்து அறைக்குக் கீழே இரண்டு வெட்டுகள். அதற்கடுத்து மூன்று. கடைசியில் நான்கு. பார்த்தால் தெரியாது, தடவினால் தெரியும். வெட்டுகளுக்குள் மரம் இன்னும் புதுசாக வெளுத்திருந்தது.

நான்கு அறைகள், நான்கு கட்டிகள். பழுப்பு, வெள்ளை, பச்சை, சிவப்பு என்று அவர் வைத்திருந்த வரிசை அவளுக்கு மனப்பாடம். துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது அவள்தான் அதை மாற்றினாள். கரைந்து சிறுத்த வெள்ளையையும் பச்சையையும் ஓரத்துக்குத் தள்ளி, பெரிய சிவப்பையும் பழுப்பையும் முன்னால் வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று பட்டது. பழுப்பு இருந்த முதல் அறையில் இப்போது சிவப்பு இருந்தது. இரண்டும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. காய்த்துப்போன விரலுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியுமே!

மகன் வாசலில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தான். அவனை உள்ளே கூப்பிட்டாள்.

"அப்பாவுக்குக் கண்ணு தெரியலையாடா?"

அவன் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஆறு மாசமாச்சும்மா. நிழல் மாதிரிதான் தெரியுதுன்னாரு. கலர் எதுவும் பிடிபடல. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. சொன்னா நீ மோட்டார் பக்கமே விடமாட்டியாம்."

"விட்டிருக்கமாட்டேன்தான்," என்றாள். துடைச்சியா என்று கேட்டபோதே அவருக்குப் புரிந்திருக்கிறது. நீ மாத்தி வச்சதாலதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் குட்டும் உடைந்திருக்கும். அதனால் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். பாவி மனுஷன்.

பாட்டிலை எடுக்காமலே அவள் உள்ளே திரும்பினாள். நாத்தனார் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "இருக்கட்டும் அண்ணி," என்றாள்.

மதியம் கடிகாரக்காரர் வந்தார். உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்தபடி பட்டறை வழியாக வெளியே வந்தவர், மேசைமேல் கிடந்த கதவைப் பார்த்து நின்றுவிட்டார். சட்டத்தை விரலால் தடவினார்.

"என்ன இது? அவர் கையில இப்படி ஆகாதே..."

நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"என்னாலதாங்க கெட்டுது. கட்டியை மாத்தி வச்சது நான். அவர்மேல தப்பே இல்ல."

"நினைச்சேன்மா. அவராவது, மாத்திப் போடுறதாவது? கண்ணை மூடிக்கிட்டே பண்ணுவாரே!"

"ஆமாங்க," என்றாள் அவள். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. நாத்தனாரின் அழுகை கூரையைத் தொட்டது. வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. அவரைப் பட்டறை வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். மகனும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் தூக்கினார்கள். அவள் யாரும் சொல்லாமலே முன்னால் போனாள். வழியில் கிடந்த ஒயரைச் சுருட்டித் தள்ளினாள். அவர் முகத்துக்குப் பக்கத்திலேயே பின்வாக்கில் நடந்தாள்.

"இடது பக்கம் மோட்டார் இருக்கு. கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க."

வந்தார்கள்.

"இங்க மேசை. முடிஞ்சிருச்சு. இப்போ வாசப்படி. ஒரே படிதான், மெதுவா."

பட்டப்பகல் வெளிச்சம். தூக்கி வந்த நான்கு பேருக்கும் படி நன்றாகவே தெரிந்தது.