இருபத்து மூன்றாவது பந்து

தாக் யோங்பேயின் இடது தோள் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பேஸ்பால் ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில், பன்னிரண்டாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது போயிற்று. சத்தம் ஒன்றும் வரவில்லை. கையை விட்ட பந்து கேட்சர் இருந்த பக்கம் போகாமல் எதிரணியின் பெஞ்சுக்குப் போனது. அங்கே சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்திருக்காமலே அதைப் பிடித்துவிட்டார். மறுநாள் பத்திரிகையில் அந்தப் பிடியைப் பாராட்டி நாலு வரி வந்திருந்தது. தோளைப் பற்றி ஒரு வரி.

அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. கிரேன்ஸ் அணிக்கு வந்து மூன்றாவது வருஷம். முதல் இரண்டு வருஷத்தில் முப்பத்தொரு வெற்றி. அணியின் தலைமைக் கோச் மேங் தேசிக், வாயில் பல்குச்சியோடு உலவுகிற மனிதர். பந்து எறிகிறவன் களைத்துவிட்டான் என்று தெரிந்தால் நிதானமாக நடந்து எறிமேட்டுக்கு வருவார். அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு.

"முடியும்ல?"

அதற்குப் பதிலும் ஒன்றுதான். "முடியும்யா."

முடியாது என்று சொன்னவர்கள் மறுநாளே மலையடிவாரத்தில் இருந்த இரண்டாம் அணிக்குப் பெட்டியைக் கட்டினார்கள். யோங்பே ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. ஒரே ஆட்டத்தில் நூற்று எழுபத்தெட்டு பந்து எறிந்திருக்கிறார். ஒருநாள் விட்டு, கடைசி இரண்டு இன்னிங்ஸுக்கு மறுபடி அவரையே கூப்பிட்டார்கள். அப்போதும் போனார்.

தோளைக் கிழித்துத் தைத்தார்கள். இரண்டு வருஷம் ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டு கிடந்தார். நூற்று நாற்பத்தாறு கிலோமீட்டர் வேகத்தில் போன பந்து, திரும்பி வந்தபோது நூற்றுப் பதினெட்டில் போயிற்று. அணி அவருக்கு போனிலேயே விடை கொடுத்தது. கடலோரத்துச் சொந்த ஊரான யோசுவுக்கு வந்து, ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் செய்வதையே அவரும் செய்தார். பொரித்த கோழிக்கடை வைத்தார்.

"நீங்க ஜெயிச்ச மேட்ச்ச நேர்ல பாத்திருக்கேன்" என்று சொல்கிற வாடிக்கையாளருக்கு முள்ளங்கி ஊறுகாய் இரண்டு கிண்ணம் வரும். "நீங்க தோத்ததப் பாத்தேன்" என்றால் கிண்ணமே வராது. பத்து வருஷத்தில் ஊரில் அவர் தோற்றதைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லாமல் போய்விட்டார்.

சோ மால்சுன் அந்தக் கடைக்கு வந்தது ஊறுகாய்க்காக அல்ல. மீன் சந்தையில் நெத்திலிக் கருவாட்டுக் கடை வைத்திருக்கிற அம்மாள். யோங்பேயைவிட மூன்று வயது மூத்தவர். தோளில் சாக்குப்பை. அதிலிருந்து ஒரு பேஸ்பால் பந்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். கருவாட்டு வாடை குப்பென்று அடித்தது.

"தம்பி, இத வளைச்சு எறியறது எப்படி?"

"எதுக்குக்கா?"

"எதுக்கா? எதிராளி அடிக்காம இருக்கத்தான். நீ எதுக்கு எறிஞ்சே?"

சந்தைப் பெண்கள், ஒரு பஸ் டிரைவர், பல் ஆஸ்பத்திரி நர்ஸ் இருவர், ஒரு பள்ளிக்கூடச் சமையல்காரி எல்லாம் சேர்ந்து ஓர் அணி வைத்திருந்தார்கள். கடுகுக்கீரையைக் காரத்தில் ஊறவைத்த கிம்ச்சி விற்கிற ஒருவர் சட்டை தைத்துக் கொடுத்ததால் அணியின் பெயரே கடுகுக்கீரை. இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு வெற்றி. அதுவும் எதிரணியின் வேன் வழியில் நின்றுபோனதால் கிடைத்தது.

"கோச்சு வேணும். சம்பளம் கிடையாது. நெத்திலி தருவோம்" என்றார் மால்சுன்.

"பெருசா, பொடியா?"

"நீ சொல்லிக்குடுக்கறதப் பொறுத்து."

இப்படித்தான் யோங்பே கோச் ஆனார். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. அறுபது பந்துக்குமேல் யாரும் எறியக்கூடாது. அதற்காகப் பித்தானை அமுக்கினால் எண்ணிக்கை ஏறுகிற ஒரு சின்னக் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அணிக்குப் பந்து எறிகிற மால்சுனுக்கு அந்தச் சட்டம் பிடிக்கவே இல்லை. பார்லித் தண்ணீர் கொடுக்க வருகிற சாக்கில் ஐந்தாவது இன்னிங்ஸில் கருவியைத் திருகிப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டுப் போவார்.

"அக்கா, இதுல பாத்தா நீங்க இன்னும் ஆட்டத்துக்கே வரல."

"அதான் நானும் சொல்றேன். இனிமேத்தான் ஆரம்பிக்கணும்."

கெஞ்சுவார், திட்டுவார், எறிமேட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். யோங்பே விடமாட்டார். ஒருமுறை ஜெயிக்க வேண்டிய ஆட்டம் அப்படிக் கை நழுவியது. அன்றைக்குக் கொடுத்த நெத்திலி மிகவும் பொடி.

போன மே மாதம் பக்கத்து ஊரான சுன்சோனில் பெண்கள் போட்டி ஆரம்பமாயிற்று. முதல் ஆட்டமே சுன்சோனின் நாணல் அணியோடு. மைதானத்துக்குள் நுழைந்த யோங்பே அப்படியே நின்றுவிட்டார். வெள்ளைக் கால்சட்டையும் வாயில் பல்குச்சியுமாக மேங் தேசிக் நின்றுகொண்டிருந்தார். எழுபத்து நாலு வயதிலும் முதுகு நேராக இருந்தது. நாணல் அணியின் ஆலோசகர் அவர்தான். சிறப்பு விருந்தினரும் அவர்தான். ஆட்டத்துக்குமுன் சம்பிரதாயமாக முதல் பந்து எறியச் சொந்தக் கையுறையோடு வந்திருந்தார்.

இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறார்கள். யோங்பே இடுப்பு வரை குனிந்து வணங்கினார். உடம்பு பழக்கத்தில் தானாகவே குனிந்தது.

"தாக் யோங்பேயா? ரொம்பச் சதை போட்டுட்டியே" என்றார் மேங். பிறகு மால்சுன் பக்கம் திரும்பினார். "இவன உருவாக்கினது நான்தாம்மா. ஒரு மேட்ச்ல நூத்தி எழுபத்தெட்டு பால். ஒரு முணுமுணுப்பு கிடையாது. மனசுல பலம் இருந்தா கை தானா வரும். இந்தக் காலத்துப் பசங்களுக்கு அது எங்க இருக்கு?"

தோளைப் பற்றி அவர் கேட்கவில்லை. மால்சுன் யோங்பேயைப் பார்த்தார். யோங்பே தரையைப் பார்த்தார்.

விருந்தினருக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கிற வேலை எதிரணிக் கோச்சான யோங்பேக்கு. பஸ் டிரைவர் யாங்மி கேட்சராக உட்கார்ந்தாள். மைக் மால்சுன் கையில் இருந்தது. சந்தையில் கூவி விற்கிற குரல் என்பதால் அவரிடம் கொடுத்திருந்தார்கள். மேங் பந்தை எறிந்தார். ஒருதரம் குதித்து யாங்மியிடம் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஐயா, மன்னிச்சுக்குங்க" என்று போட்டோக்காரர் ஓடி வந்தார். "லென்ஸ் மூடியக் கழட்டல."

இது உண்மையாகவே நடந்தது. இதில் யாருடைய சதியும் இல்லை. யோங்பே இன்னொரு பந்தை நீட்டினார். நீட்டும்போது வாய் தானாகக் கேட்டது.

"முடியும்ல, ஐயா?"

மேங் பல்குச்சியை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினார். "என்ன கேள்வி இது? முடியும்."

அந்தப் பதிலைக் கேட்டதும் யோங்பே பந்துக் கூடையைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டார். இரண்டாவது பந்து போயிற்று. யோங்பே யாங்மியைப் பார்த்துப் புருவத்தை லேசாகத் தூக்கினார். நெரிசலில் பஸ் ஓட்டுகிறவளுக்கு ஜாடை புரியாதா? பந்தைக் கீழே நழுவ விட்டாள்.

"ஐயோ, என் தப்பு. பிடிச்சாத்தான் கணக்கு" என்றாள்.

"முடியும்ல, ஐயா?"

"முடியும்."

மூன்றாவது பந்தின்போது மேயரின் மனைவி தும்மினாராம். நாலாவதில் தேசியக் கொடி காற்றில் சுருண்டுகொண்டதாம், படத்துக்கு நன்றாக இருக்காதாம். இதெல்லாம் மால்சுன் மைக்கில் சொன்னது. ஐந்தாவது பந்தை நர்ஸ்கள் பார்க்கவில்லையாம், தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்களாம். "வயசானவர், நர்ஸ் இல்லாம எறியலாமா?" என்று மைக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் யோங்பே பணிவாக இரண்டு கையாலும் பந்தை நீட்டினார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில்.

பத்தாவது பந்துக்கு மேங் கோட்டைக் கழற்றினார். பதினைந்தாவதில் பல்குச்சியைத் துப்பினார். பார்வையாளர்கள் சத்தம் போட்டு எண்ண ஆரம்பித்திருந்தார்கள். நாணல் அணிப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நடுவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யோங்பேக்கு ஆனந்தமாக இருந்தது. இருபத்தாறு வருஷமாக அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இருபத்து மூன்றாவது பந்து பாதி தூரம்கூடப் போகவில்லை. புல்லில் உருண்டு நின்றது. மேங் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவருடைய இடது கை முதுகுப் பக்கமாகப் போய் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டதை யோங்பே பார்த்தார். பெஞ்சிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எறிமேட்டில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். யோங்பேயும் அந்தக் காலத்தில் அப்படித்தான் பிடித்துக்கொள்வார், இதே மனிதர் பார்த்துவிடக் கூடாதென்று.

சந்தோஷம் சட்டென்று வடிந்துவிட்டது. மால்சுன் மைக்கில் அடுத்த காரணத்துக்கு வாயைத் திறந்தார். யோங்பே கையைக் காட்டி நிறுத்தினார். கூடையில் மிச்சமிருந்த பந்துகளைக் காலால் தள்ளிவிட்டார்.

"போதும்யா. வாங்க."

"யார் சொன்னா போதும்னு? நான் முடியாதுன்னு சொன்னேனா?"

"சொல்லமாட்டீங்க. நானும்தான் சொல்லல. அதுக்காகத்தான் எண்ணிப் பாக்க ஒருத்தர் வேணும்கறது."

மேங் புல்லில் கிடந்த பந்தைப் பார்த்தார்.

"கழுத, ஏழாவது பந்துலேயே உன் வேல எனக்குப் புரிஞ்சிருச்சுடா" என்றார் மெதுவாக. "நூத்தி எழுபத்தெட்டு வரைக்கும் போவியோன்னு நெனச்சேன்."

"நீங்க ஏன் நிறுத்தல?"

மேங் கோட்டை மாட்டிக்கொள்ளப் பார்த்தார், வலது கை மேலே ஏறவில்லை. யோங்பே பிடித்து மாட்டிவிட்டார். மால்சுன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து, வலிக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை அவர் சட்டைக்குள் கைவிட்டு முதுகில் அறைந்தாற்போல் ஒட்டினார்.

"சில்லுனு இருக்கும். மனசுல பலம் இருந்தா தாங்கிக்கலாம்" என்றார்.

அன்றைய ஆட்டத்தில் கடுகுக்கீரை பதினாலுக்கு ஒன்பது என்று தோற்றது.

புதன்கிழமை மத்தியானம் கோழிக்கடையில் போன் அடித்தது. பேர் சொல்லாமலே பேச்சு ஆரம்பமாயிற்று.

"தலை வார முடியல. இது எத்தன நாளைக்கு இருக்கும்?"

"உங்களுக்கு இன்னும் ஒரு வாரத்துல சரியாயிரும்யா. வெந்நி ஒத்தடம் குடுங்க."

"உனக்கு எத்தன நாள் இருந்துச்சு?"

"எனக்கா? இன்னும் போகலயே."

யோங்பே அடுத்த கோழியை எண்ணெயில் போட்டார். 

"தூங்கறப்போவுமா?" என்றது அந்தக் குரல்.

"இடப் பக்கம் படுக்கறதில்ல. பழகிடுச்சு."

"ம்" என்றார் மேங். பிறகு, "நான் எண்ணியிருக்கணும்" என்றார். அத்தோடு வைத்துவிட்டார். யோங்பே போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றதில் ஒரு கோழி கருகிப்போயிற்று. அதை அவரே உட்கார்ந்து சாப்பிட்டார். அவ்வளவு மோசமாக இல்லை.

அடுத்த நாள் கடிதம் வந்தது. துவக்க விழாவை இருபத்திரண்டு நிமிஷம் தாமதப்படுத்தியதற்காகக் கடுகுக்கீரை கோச்சுக்கு ஓர் ஆட்டம் தடை. மைதானத்துக்குள் காலே வைக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை யோங்பே வேலிக்கு வெளியே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே நடப்பதைக் கம்பி இடுக்கு வழியாகப் பார்த்தார். கத்தி எதுவும் சொல்லக்கூடாது என்றும் கடிதத்தில் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, ஒன்பது பெண்களும் தாங்களே முடிவெடுத்து ஓடுவதையும் எறிவதையும் அடிப்பதையும் பார்த்தார். கடுகுக்கீரை பதினைந்துக்கு இரண்டு என்று ஜெயித்தது. வேன் பழுதாகாமல் அவர்கள் ஜெயித்த முதல் ஆட்டம் அது.

மால்சுன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வேலியோரம் வந்தார்.

"தம்பி, எங்களுக்குள்ள ஒரு யோசன ஓடுது. தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"அடுத்த வாரமும் ஏதாவது ஒரு தப்பு பண்ணிடேன்."

யோங்பே நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக வரப்போவது யார், அவருக்கு எது பிடிக்காது என்று மால்சுனிடம் விசாரித்துக்கொண்டே பஸ்ஸை நோக்கி நடந்தார்.