ஏழு நிறத் தட்டு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காரும் சுகரா பேகம், பெற்றவர்கள் இல்லாத இஃப்ராவை எட்டு மாதமாகத் தன் வீட்டில் வைத்து வளர்த்துவந்தாள். பிள்ளைக்கு ஆறு வயது. இப்படி வளர்ப்பவர்களுக்கெல்லாம் ‘குறைந்த செலவில் சத்தான சமையல்’ கற்றுத்தருவதாக, பிள்ளைகளை ஒப்படைத்த தொண்டு நிறுவனம் சனிக்கிழமை கூப்பிட்டது. வராதவர்களின் ஃபைலில் எழுதிவிடுவோம் என்று நிறுவனத்துக்காரர் மதியழகன் போனில் அன்பாகச் சொன்னதால், சுகரா சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுப் பிள்ளையோடு போனாள்.

சென்னையிலிருந்து வந்த எழிலரசி மேடம் புரோக்கோலி, ஊதா முட்டைக்கோஸ், மஞ்சள் குடைமிளகாய், ஆலிவ் எண்ணெய் எல்லாவற்றையும் மேசையில் அடுக்கியிருந்தார்.

“தட்டுல ஏழு கலர் இருக்கணும், வானவில் மாதிரி. நேத்து குழந்தைக்கு என்ன குடுத்தீங்க?”

“முருங்கக்கீரை போட்டு கேவுரு அடை மேடம். ராத்திரி சோறு, முட்டக் கொழம்பு” என்றாள் சுகரா.

மேடம் உதட்டைப் பிதுக்கினார். “கீரை பச்சை, கேழ்வரகு பழுப்பு, அவ்ளோதானா?” தாளில் பத்துக்கு மூன்று போட்டார்.

ஒடுகத்தூரிலிருந்து வந்திருந்த கன்னியப்பன் கையைத் தூக்கினார். அவரும் ஒரு பிள்ளையை வளர்ப்பவர். புரோக்கோலியைக் காட்டினார்.

“இந்தப் பச்சப் பூவு எங்கம்மா கெடைக்கும்?”

“ஆன்லைன்ல ஆர்டர் போடுங்க சார்.”

இனிக் கவலையில்லை என்பதுபோல் கன்னியப்பன் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் பெரியவர்களுக்கும் கூட வந்த பதினொரு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் சாலட் வந்தது. இஃப்ரா ஒரு துண்டை வெகுநேரம் மென்று, யோசித்து, உள்ளங்கையில் துப்பினாள். அப்போது பக்கத்து அறையிலிருந்து பிரியாணி மணத்தது. பயிற்சி தருபவர்களுக்கு வேறு சாப்பாடாம்.

சுகரா எழுந்துபோய்க் கதவைத் தள்ளினாள். மேடத்தின் கையில் எலும்பு இருந்தது.

“மேடம், இதுல எத்தினி கலர் இருக்குது?”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மதியழகன்தான் பதில் சொன்னார். “வெளிய உக்காரும்மா, பேஜார் பண்ணாத.”

“நான் உக்கார்றேன் சார். புள்ளைங்க பசியா இருக்குதுங்க.”

சொல்லிக்கொண்டே பிரியாணிப் பாத்திரத்தின் ஒரு காதைப் பிடித்தாள். மறுகாதைக் கன்னியப்பன் பிடித்தார். பதினொரு பிள்ளைகளும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். மீந்த சாலட்டை மேடத்திடமே கொடுத்தார்கள். கிண்ணத்தில் நிறம் ஒன்றும் குறையவில்லை.

வீடு திரும்பியதும் சுகரா கதவைத் தாழிட்டாள். பிள்ளையைப் பிரித்துக் கூட்டிப்போய்விடுவார்களோ என்று நான்கு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

அடுத்த மாதம் மதியழகன் வந்து இஃப்ராவை எடை பார்த்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மூன்று கிலோ கூடியிருந்தாள். அவர் முகம் மலர்ந்தது. ‘எங்கள் பயிற்சியின் பலன்’ என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்.

“போட்றேன் சார். புள்ள எங்கிட்டயே இருக்கும்ல?”

“இருக்கும், இருக்கும்.”

மூன்று கிலோவையும் அவர்களுக்கே எழுதிக்கொடுத்துவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று சுகரா கிளம்பினாள்.