காதுக்காரர்

எங்கள் ஊரில் பழைய வண்டி வாங்கக் கிளம்புகிற எவனும் முதலில் என் வீட்டு வாசலுக்குத்தான் வருவான். பூமாலை என்று கேட்டால் வேப்பந்தட்டைப் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. காதுக்காரர் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். என்னிடம் ஒரு முழ நீளத்துக்கு ஸ்குரூ டிரைவர் ஒன்று இருக்கிறது. ஓடுகிற இஞ்சின் மேல் அதன் முனையை ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பேன். உள்ளே எது தேய்ந்திருக்கிறது, எது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். "காதுக்காரர் பாத்துச் சொன்ன வண்டி" என்று சொல்லியே விலையை ஏற்றி விற்றவர்கள் உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இனி பெருமை இல்லாத விஷயம். ஒன்றரை வருஷமாக என் இடது காது சுத்தமாகக் கேட்பதில்லை. வலது காதில், பக்கத்தில் நின்று பேசினால் பேச்சு கேட்கும். மெல்லிய சத்தம் எதுவும் விழாது. அரியலூர்ப் பக்கம் கல் உடைக்கிற கிரஷரில் பன்னிரண்டு வருஷம் மெக்கானிக்காக இருந்தேன். அங்கே கேட்ட சத்தம் ஆயுசுக்கும் போதும் என்று காது முடிவு கட்டிவிட்டது போலிருக்கிறது. திருச்சி டாக்டர் மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார். காதுக்காரர் காதில் மிஷினா? ஊர் கைகொட்டிச் சிரிக்கும். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் மனைவிகூட, நான் வேண்டுமென்றே அவள் பேச்சைக் காதில் வாங்குவதில்லை என்று திட்டிக்கொண்டிருந்தாள். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

அதன் பிறகும் வண்டி பார்க்கப் போய்க்கொண்டுதான் இருந்தேன். புகையைப் பார்ப்பேன், ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்ப்பேன், டயரின் தேய்மானத்தைப் பார்ப்பேன். அனுபவம் இருக்கிறதே, முக்கால்வாசி கண்ணிலேயே தெரிந்துவிடும். கடைசியில் ஸ்குரூ டிரைவரை வைத்துக் கண்ணை மூடித் தலையை ஆட்டுவேன். அது வெறும் நடிப்பு.

அப்படித் தலையாட்டி வாங்கிக் கொடுத்ததுதான் செல்லக்கண்ணுவின் பிக்கப். போன வருஷம் ஜெயங்கொண்டத்தில் பார்த்த வண்டி. "அண்ணே, உள்ள ஏதோ தட்டுற மாதிரி இருக்கே" என்றான். "இஞ்சின்னா சத்தம் போடத்தான் செய்யும். நான் கேட்டுட்டுத்தான சொல்றேன்?" என்று எரிந்து விழுந்தேன். மூன்றாவது மாதம் முந்திரி லோடோடு போகும்போது இஞ்சின் இறுகி நடுரோட்டில் நின்றுவிட்டது. டீக்கடையில் பத்துப் பேருக்கு முன்னால் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆயில் மாத்தத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குடா வண்டி?" எல்லோரும் சிரித்தார்கள். செல்லக்கண்ணு டீ கிளாசை வைத்துவிட்டு எழுந்து போனான். அன்று நான் சொன்னதை நானே நம்பினேனா என்றால், நம்ப ஆசைப்பட்டேன்.

போன புதன்கிழமை வெற்றிச்செல்வி வந்தாள். எங்கள் தெருக்காரிதான். காட்டுக்காடு போய் விளைகிற இடத்திலேயே சின்ன வெங்காயம் வாங்கித் திருச்சி மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவள். வாடகை வண்டிக்காரன் சொன்ன நேரத்துக்கு வராமல் போனமுறை நாற்பது மூட்டை மழையில் நனைந்து முளைவிட்டது. சொந்த வண்டி இல்லாவிட்டால் இந்த வியாபாரத்தை விட்டுவிட வேண்டியதுதான் என்ற நிலை.

"மைலேஜும் குடுக்கணும், மேட்டுல லோடோட இழுக்கவும் இழுக்கணும். அப்படி ஒண்ணு பாத்துக் குடுங்கண்ணே."

"மாப்பிள்ளை நல்லா சம்பாரிக்கணும், ஆனா வூட்டை விட்டு வெளிய போவக் கூடாதுங்கற மாதிரியில்ல கேக்குற?"

சிரித்தாள். லப்பைக்குடிக்காட்டில் ஹபிபுல்லா என்பவர் ஒரு பிக்கப் விற்கிறார், ஒருவர் கையில் ஓடிய வண்டி என்றாள். "நான் இருக்கேன், நீ பயப்படாத" என்றேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும் இடது பக்க சீட்டில் என்னை ஜன்னலோரம் உட்காரச் சொன்னாள். மரியாதை தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டேன். வழியெல்லாம் என் வலது பக்கத்திலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். எல்லாம் எனக்குக் கேட்டது.

ஹபிபுல்லா பாய் துபாயில் பதினைந்து வருஷம் வண்டி ஓட்டித் திரும்பியவர். இங்கே தண்ணீர்க் கேன் லோடு அடித்துக்கொண்டிருந்தார். மூத்த மகன் மறுபடியும் துபாய்க்கே கூப்பிடுகிறான் என்பதால் வண்டியைக் கொடுக்கிறாராம். வண்டி கண்ணுக்கு நன்றாக இருந்தது. முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. சூடுபண்ணி வைத்து ஏமாற்றுகிற ஆள் இல்லை. ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆயிற்று. புகை சுத்தம். ஆயில் சுத்தம். பின்னால் அரிசி மூட்டைகளை ஏற்றச் சொல்லி ஆற்றுப்பாலம் வரை ஓட்டிப் பார்த்தேன். பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தேன். மிச்ச ஏற்றத்தை மூன்றாவது கியரிலேயே முக்காமல் ஏறியது.

"லோடோட பதிமூணு குடுக்கும். வெறும் வண்டின்னா பதினஞ்சு" என்றார் பாய்.

வெற்றிச்செல்வியின் முகம் மலர்ந்தது. எனக்கும் பிடித்துவிட்டது. திரும்பி வந்து இஞ்சின் சூடாக இருக்கும்போதே ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். தெருவில் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். பாய் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விட்டார். நான் வலது காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஹோவென்று ஓர் இரைச்சல், அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்வேனோ என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

"இஞ்சின் அசல் புதுசு மாதிரி இருக்கு. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

பாய் இறங்கி வந்தார். "நல்லா கேட்டீங்களாண்ணே?"

"இருவது வருஷமா கேக்குறேன் பாய்."

"இல்ல, இன்னொரு தடவ வச்சு…"

"என்ன பாய், எனக்கே சொல்லிக்குடுக்குறீங்களா?"

வெற்றிச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கைப்பையைத் திறந்து அட்வான்ஸ் பணத்தை எடுத்து நீட்டினாள். பாய் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அல்லாவுக்குப் பொதுவா சொல்லிடுறேம்மா. மூணு வாரமா இஞ்சின்ல ஒரு தட்டல் இருக்கு. சூடேறின பிறகு மிதிச்சு விட்டா நல்லாவே கேக்கும். பேரிங் போவப் போவுதுன்னு மெக்கானிக் சொன்னாரு. காதுக்காரர் வர்றாருன்னதும், அவரே கண்டுபிடிச்சு வெலயக் கொறப்பாரு, நாம ஏன் முந்திக்கணும்னு இருந்துட்டேன். அவரு ஒண்ணுமில்லங்கறாரு. இதுக்கு மேல இந்தக் காச வாங்குனா அது எனக்கு ஹராம்."

என் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தட்டல் அவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. காதே வைக்காமல், தெருவில் நின்றபடியே கேட்டிருக்கிறது.

அப்போது வெற்றிச்செல்வி சிரித்தாள். "அண்ணன் அப்பவே எனக்குக் கண்ணக் காமிச்சுட்டாங்க பாய். நீங்களா சொல்றீங்களான்னு பாக்கத்தான் ரெண்டு பேரும் சும்மா இருந்தோம். உங்களச் சோதிச்சதுக்குத் தப்பா எடுத்துக்காதீங்க."

பாய் ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு தானும் சிரித்து என் தோளைத் தட்டினார். "கில்லாடிண்ணே நீங்க! நான் ஒரு செகண்டு உங்களுக்குக் காது கேக்கலையோன்னே நெனச்சுட்டேன்."

கூட்டமும் சிரித்தது. ஒருவர் எனக்கு டீ வாங்கிவந்து கொடுத்தார். நான் குடித்தேன். அந்த டீயைக் குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

இஞ்சின் வேலையை முடித்துவிட்டுச் சொல்கிறேன், அப்புறம் வந்து பாருங்கள் என்று பாய் அனுப்பிவைத்தார். திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் வெற்றிச்செல்வி அதே மாதிரி, "ஜன்னலோரம் உக்காருங்கண்ணே" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது மரியாதைக்காகச் சொன்னது அல்ல.

"எப்பலேருந்து தெரியும்?" என்றேன்.

"ஆறு மாசம் இருக்கும். இந்தப் பக்கம் வந்து கூப்புட்டா திரும்புவீங்க, அந்தப் பக்கம் நின்னு கூப்புட்டா திரும்ப மாட்டீங்க."

"தெரிஞ்சும் எதுக்கு என்னைக் கூட்டிட்டு வந்த?"

"உங்கள வுட்டுட்டு வேற ஆளக் கூட்டிட்டுப் போனா, ஏன்னு ஊரே கேக்கும். நான் என்னன்னு சொல்றது?"

"இன்னிக்கு அந்தச் சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே."

"பாய் கைய நீட்டியிருந்தா?"

கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "குடுத்திருப்பேனோ என்னமோ. அத்தன பேருக்கு முன்னால, நீங்க சொன்னப்பறம் எப்படி மாட்டேங்கறது?"

என் மானத்தைக் காப்பாற்ற அவள் பிழைப்பையே அடகு வைக்கப் பார்த்தேன். அவளும் அதற்குச் சம்மதித்து என் பக்கத்தில் நின்றிருக்கிறாள். பெரம்பலூர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டி என்றால் டயரும் ஸ்டீயரிங்கும் என்று மட்டுமே தெரிந்த ஒரு பெண்ணுக்கே அந்தத் தட்டல் கேட்டிருக்கிறது. அப்படியானால் அன்று ஜெயங்கொண்டத்தில் செல்லக்கண்ணுவுக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கும்? அவன் வாய்விட்டுச் சொன்னானே.

ஊரில் இறங்கியதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. செல்லக்கண்ணு வாசலில் மக்காச்சோளத்தைக் காயவைத்துக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தான். இப்போது மண்டியில் மூட்டை தூக்கப் போகிறான் என்று கேள்வி. ஓரத்தில் அந்த பிக்கப் நின்றது. பின் தொட்டியில் கோழி அடைக்கிற கூடையைக் கவிழ்த்திருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது. வா என்றுகூடச் சொல்லவில்லை.

"செல்லக்கண்ணு, வண்டிய நீ கெடுக்கலடா. வாங்கும்போதே கெட்டுப்போன வண்டி அது. நீ தட்டுதுன்னு சொன்ன. எனக்குக் கேக்கல. எனக்குக் காது கேக்காதுடா, ஒன்றரை வருஷமா. அத மறைக்கத்தான் பத்துப் பேருக்கு முன்னால உன்னைப் பேசினேன்."

அவன் குனிந்து சோளத்தை அள்ளி அள்ளிப் போட்டபடியே என் இடது பக்கமாக நகர்ந்து ஏதோ சொன்னான். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. பழக்கத்தில் தலையை ஆட்டப் போனேன். ஒன்றரை வருஷமாக எல்லோருக்கும் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

"கேக்கலடா. இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்றேன். இதைச் சொல்ல இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அவன் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தான். "எங்கிட்ட எதுக்குண்ணே சொல்ற? வண்டிய நான் கெடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. உள்ள வந்து அவகிட்டச் சொல்லு. ஆயில் மாத்தாம வண்டியக் கெடுத்தவன்னு இன்னும் என்னைத்தான் ஏசிக்கிட்டிருக்கா."

அவன் மனைவி ஜெயசித்ரா அடுப்படியில் இருந்தாள். வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். காது கேளாதவன் குரல் எப்போதும் ஒரு பங்கு பெரிசாகத்தான் இருக்கும். தெருவில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். நான் குரலைக் குறைக்கவில்லை. டீக்கடையில் பேசியதும் இதே குரலில்தானே.

அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. புருஷனைத்தான் பார்த்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"தட்டுதுன்னு தெரிஞ்சா நீ அப்பவே எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன்" என்றான் செல்லக்கண்ணு. "யாரு கேட்டா?"

அவன் குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் அது எனக்கு நன்றாகக் கேட்டது.